தெரிந்தே விட்ட தளர்வு

பெரிய பாவங்களுக்கு நாம் அஞ்சுகிறோம். அவற்றைக் கண்டிக்கும் மறையுரைகளைத் தலைகுனிந்து கேட்கிறோம். தவக்காலத்தில் அவற்றுக்காக முழந்தாளிட்டு மன்றாடுகிறோம். ஆயினும் நம் வீடுகளிலும் தெருக்களிலும் நேர்கின்ற துன்பங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் வேரைத் தேடிச் சென்றால், பல வேளைகளில் அங்கே பகையோ பேராசையோ தென்படுவதில்லை. ‘நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற இரண்டு சொற்களே தென்படுகின்றன.

ஒரு பொருளில் குறை உண்டு என்று நமக்குத் தெரியும். அதைச் சரிசெய்யவும் நம்மால் இயலும். இருந்தும் சரிசெய்யாமல் விட்டுவிடுகிறோம். அதனால் வேறொருவருக்குக் கேடு விளைகிறது. அக்கேட்டுக்கு நாம் பொறுப்பாளிகளா? ‘வேண்டுமென்றே செய்யவில்லையே’ என்னும் விடை நம்மை விடுவித்துவிடுமா? இந்தக் கேள்வியை நாம் நூல்களிலிருந்து எடுக்கவில்லை. ஒரு மிதிவண்டியின் இருக்கைக்கு அடியிலிருந்து அது நமக்குக் கிடைத்தது. ஆகவே நடந்ததை முதலில் சொல்லிவிடுவதே நேர்மை.

பணி ஓய்வு பெற்றபின் இராமேசுவரம் தீவில் நாம் தங்கியிருந்த ஆண்டுகளில் நமக்கென ஒரு மிதிவண்டி இருந்தது. திருப்பலிக்குச் செல்லவும், கடைவீதிக்குப் போகவும், மாலை வேளையில் கடற்கரையோரமாகச் சிறிது தூரம் உலாவி வரவும் அது போதுமானதாயிருந்தது. அத்தீவில் இரும்புக்கு ஆயுள் குறைவு. சுற்றிலும் கடல், ஆண்டு முழுவதும் உப்புக் காற்று. வேறு ஊர்களில் நெடுங்காலம் உழைக்கும் திருகாணி, அங்கே சில மழைக்காலங்களிலேயே செந்தூளாய் உதிரத் தொடங்கிவிடும்.

மிதிவண்டியின் இருக்கை ஓர் இரும்புத் தண்டின் தலையில் அமர்ந்திருக்கிறது. அத்தண்டு, வண்டிச் சட்டத்தின் நிமிர்ந்த குழாய்க்குள் இறங்குகிறது. குழாயின் வாயில் நெடுக்காக ஒரு பிளவு விட்டிருப்பார்கள். அவ்வாயைச் சுற்றி ஒரு வளையம். வளையத்தின் இரு முனைகளிலும் இரண்டு காதுகள். அக்காதுகளின் ஊடே ஒரு போல்ட்டும் நட்டும். பழைய கறுப்பு வண்டிகளில் இக்காதுகள் சட்டத்தோடே சேர்ந்திருக்கும். பிற்கால வண்டிகள் பலவற்றில் வளையம் தனியாக வரும். அதனைக் கடைக்காரர்கள் ‘சீட் கிளாம்பு’ என்பார்கள். நட்டை முறுக்கும்போது காதுகள் ஒன்றையொன்று நெருங்குகின்றன. குழாயின் பிளவு ஒடுங்குகிறது. குழாய் தண்டை இறுகத் தழுவிக்கொள்கிறது. ஏறி அமரும் மனிதனின் எடை கீழே சரியாமல் நிற்பது இத்தழுவலின் உராய்வினால் மட்டுமே. அடியிலிருந்து முட்டுக்கொடுக்க வேறொன்றும் இல்லை. பெருந்தேருக்குச் சிறு அச்சாணியின் இன்றியமையாமையை வள்ளுவர் சுட்டிக்காட்டியதைப் பள்ளிக்கூடத்தில் ஆண்டுதோறும் நாமே கற்பித்திருக்கிறோம். கற்பித்தவன் கற்றவனாகிவிடுவதில்லை என்பதற்கு நாமே சான்று.

நம் வண்டியின் இருக்கை சரியத் தொடங்கியது. ஒரே நாளில் அன்று. நாளொன்றுக்கு நகக்கனம்கூட இருக்காது. முறிவு உடனே தெரிந்துவிடும், சரிவு தெரிவதில்லை. இருக்கை தாழத் தாழ நம் முழங்கால்கள் சற்றே அதிகமாக மடங்கின, மூட்டு வலித்தது. வயதாகிவிட்டது என்று சொல்லிக்கொண்டு தைலம் தடவினோம். வண்டியின் குறைக்கு ஏற்ப உடல் தன்னை வளைத்துக்கொண்டதேயன்றி, குறை இருக்கிறது என்று நமக்கு அறிவிக்கவில்லை.

ஒருநாள் சக்கரத்துக்குக் காற்றடிக்கச் சென்றபோது கடைக்காரரே அதைக் கண்டார். ஸ்பேனரை வைத்து ஒருமுறை முறுக்கிப் பார்த்துவிட்டு, “சார், காது ரெண்டும் ஒட்டிப் போச்சு. இனி எம்புட்டு முறுக்கினாலும் நட்டுதான் இறுகும், கம்பி இறுகாது. மரையும் தேஞ்சிருச்சு. கிளாம்பை மாத்திருங்க” என்றார். அன்று அவரிடம் அந்த அளவு கிளாம்பு இல்லை. ஒரு தகரத் துண்டை வெட்டித் தண்டைச் சுற்றி வைத்து இறுக்கினார். “இது ரெண்டு நாளைக்குத் தாங்கும். வியாழக்கிழமை வாங்க, சாமான் வந்துரும்” என்று சொல்லி அனுப்பினார். ஐம்பது ரூபாய்கூட ஆகாத வேலை அது.

அந்த வியாழக்கிழமை நாம் போகவில்லை. அடுத்த வியாழனும் போகவில்லை. தகரம் தாங்குகிறதே என்று நான்கு மாதங்கள் ஓடின.

ஆடி மாதம். கச்சான் காற்று ஓங்கி வீசிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுச் சிறுவன், மேல்நிலை இரண்டாம் ஆண்டு படிப்பவன், நம்மிடம் வந்து வண்டியைக் கேட்டான். அவனுடைய தகப்பனார் தனுஷ்கோடிக் கரையில் கரைவலை இழுப்பவர்களுள் ஒருவர். அவருக்குச் சோறு கொண்டுபோக வேண்டும். முன்பெல்லாம் முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் சாலை கிடையாது. மணலிலும் நீரிலும் நடந்தோ, அதற்கென உள்ள வண்டிகளில் தொற்றிக்கொண்டோதான் போக முடியும். 2017-ஆம் ஆண்டு அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டபின் மிதிவண்டியிலேயே போய்வரலாம் என்றாகிவிட்டது. வண்டியைக் கொடுத்தோம். கொடுக்கும்போது அந்தத் தகரத் துண்டு நம் நினைவுக்கு வந்தது. இங்கேதான் நம் குற்றம் தொடங்குகிறது என்று நம்புகிறோம். நினைவுக்கு வந்தது, வாயைத் திறக்கவில்லை. நம் வண்டி ஓட்டை வண்டி என்று ஒரு மாணவனிடம் சொல்லக் கூச்சம். அவ்வளவுதான்.

போகும்போது காற்று அவனுக்குத் துணையாயிருந்தது. திரும்பும்போது எதிராயிற்று. இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்து, மீண்டும் அமர்ந்து, மறுபடியும் எழுந்து மிதித்திருக்கிறான். அப்படி ஒருமுறை அமர்ந்தபோது தேய்ந்த மரை விட்டுக்கொடுத்தது. இருக்கை ஒரு சாண் ஆழம் கீழே இறங்கி ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. கைப்பிடி நழுவிச் சாலையில் விழுந்தான். பின்னால் வந்த வேன் ஓட்டுநர் விழிப்பாயிருந்ததால் உயிர் தப்பினான். வலது மணிக்கட்டில் எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. காலாண்டுத் தேர்வு எழுத முடியவில்லை.

பழங்களை வாங்கிக்கொண்டு பார்க்கப் போனோம். அவன் தாய் நம்மை நாற்காலியில் அமரவைத்து, “ஆண்டவர் சித்தம் சார். உசுரோட குடுத்தாரே, அது போதும். நீங்க வண்டி குடுத்து ஒத்தாசை பண்ணினீக. நீங்க என்ன செய்வீக?” என்றார். அந்த நன்றியை நாம் வாங்கிக்கொண்டோம். மறுக்கவில்லை. வீடு திரும்பும் வழியில் அந்த நன்றி பழக்கூடையைவிடக் கனமாயிருந்தது.

*

‘ஆண்டவர் சித்தம்’ என்ற சொல்லை அக்கடற்கரை மக்கள் எளிதாகச் சொல்வதில்லை. சொல்வதற்கு அவர்களுக்கு உரிமை உண்டு. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு எழுந்த புயலில் தனுஷ்கோடி என்ற ஊரே இல்லாமற்போனது. 1914 முதல் அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. ரயில் நிலையமும், துறைமுகமும், அஞ்சலகமும், கோவிலும், ஆலயமும் கொண்ட ஊர் அது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயிலை, நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களோடு கடல் வாரிக்கொண்டது. பின்னர் அவ்விடம் மக்கள் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. பவளப்பாறைக் கற்களால் எழுப்பப்பட்ட ஆலயத்தின் சுவர்கள் மட்டும் கூரையின்றி இன்றும் நிற்கின்றன. அச்சுவர்களுக்கு நடுவே நின்று வானத்தைப் பார்ப்பவன், மனிதனுடைய கைக்கு எட்டாத காரியங்கள் உலகில் உண்டு என்பதை விவாதமின்றி ஒப்புக்கொள்வான்.

ஆனால் இங்கேதான் ஒரு சோதனையும் ஒளிந்திருக்கிறது. பெருந்துயருக்கு உரிய சொல்லைச் சிறு தவறுக்கும் போர்த்திவிடுகிறோம். புயலை அனுப்பியவர் யார் என்று நாம் கேட்பதில்லை. அதே பழக்கத்தில், போல்ட்டைத் தேயவிட்டவர் யார் என்றும் கேட்பதில்லை. இரண்டையும் ‘விதி’ என்ற ஒரே பெட்டியில் போட்டு மூடிவிடுகிறோம். அந்தத் தாய் நம்பிக்கையினால் அச்சொல்லைச் சொன்னார். நாம் அதைக் கேட்டுக்கொண்டு இருந்ததோ நம்பிக்கையினால் அன்று. அது நமக்கு வசதியாயிருந்தது. ஒரே சொல் ஒருவர் வாயில் செபமாகவும், மற்றொருவர் செவியில் சாக்காகவும் இருக்கக்கூடும். புயல் வருவதை 1964-இல் தனுஷ்கோடியில் உறங்கச் சென்றவர்கள் தடுத்திருக்க இயலாது. ஒரு வளையத்தை மாற்ற நமக்கு நான்கு மாதங்களும், மாதத்துக்கு நான்கு வியாழக்கிழமைகளும் இருந்தன.

*

திருவிவிலியத்தின் பழைய சட்டங்களைப் பலர் கடந்து சென்றுவிடுவதுண்டு. ஆடுமாடுகளையும் கிணறுகளையும் பற்றிய விதிகள் நமக்கெதற்கு என்று எண்ணுகிறோம். விடுதலைப் பயண நூலின் 21-ஆம் அதிகாரத்தை நாம் அந்த நாள்களில் மறுபடி படித்தோம். ஒருவனுடைய மாடு முட்டி ஓர் ஆள் இறந்துபோனால், மாடு கொல்லப்படும், உரிமையாளன்மேல் குற்றமில்லை. ஆனால் அந்த மாடு முன்பிருந்தே முட்டும் பழக்கமுள்ளதாயிருந்து, அது உரிமையாளனுக்கு எச்சரித்துச் சொல்லப்பட்டிருந்தும் அவன் அதைக் கட்டிவைக்காமல் விட்டிருந்தால், அவன் குற்றவாளி. மாடு அதே மாடு. சாவும் அதே சாவு. இரண்டுக்கும் இடையே மாறியிருப்பது ஒன்றே: அவனுக்குத் தெரிந்திருந்தது. இதைப் படித்தபோது கடைக்காரரின் குரல் நம் காதில் ஒலித்தது. நமக்குச் சொல்லப்பட்டிருந்தது.

அதே அதிகாரத்தில், குழி தோண்டி அதை மூடாமல் விட்டவன், அதில் விழுந்த மாட்டுக்கோ கழுதைக்கோ ஈடுகொடுக்கக் கடமைப்பட்டவன் என்றிருக்கிறது. இணைச் சட்ட நூலின் 22-ஆம் அதிகாரமோ, புதுவீடு கட்டுகிறவன் மொட்டைமாடிக்குக் கைப்பிடிச்சுவர் எழுப்பவேண்டும் என்கிறது. இல்லையேல் அங்கிருந்து ஒருவன் விழுந்தால் அந்த வீட்டின்மேல் இரத்தப்பழி வரும். கைப்பிடிச்சுவர் கட்டாதவன் யாரையும் தள்ளிவிடவில்லை. விழவேண்டும் என்று விரும்பவும் இல்லை. ஆயினும் பிறருடைய கால்கள் தன் மாடியில் நடமாடும் என்பதை எண்ணிப்பார்க்கும் கடமை அவனுக்கு இருந்தது.

புனித தோமா அக்குவினா, தமது ‘இறையியல் தொகுப்பு’ என்னும் பெருநூலின் இரண்டாம் பாகத்தில், அசட்டையைத் தனியொரு வினாவாக எடுத்து ஆராய்கிறார். செலுத்தவேண்டிய கவனத்தைச் செலுத்தாதிருப்பதே அசட்டை. கவனமோ விவேகம் என்னும் தலையாய நற்பண்போடு சேர்ந்தது. ஆகவே அசட்டை விவேகத்துக்கு எதிரான குறை என்பது அவர் கருத்து. புனித இசிதோர் அச்சொல்லுக்குக் கூறிய ஒரு விளக்கத்தையும் அவர் எடுத்தாள்கிறார்: அசட்டையானவன் என்பவன் தேர்ந்தெடுக்காதவன். இது ஆழ்ந்து சிந்திக்கத்தக்கது. நாம் தீமையைத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் நன்மையையும் தேர்ந்தெடுக்கவில்லை. நான்கு மாதங்களாக எதையுமே தேர்ந்தெடுக்காமல் இருந்தோம். தேர்ந்தெடுக்கப்படாத அந்த வெற்றிடத்தில்தான் ஒரு சிறுவனின் மணிக்கட்டு முறிந்தது.

*

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையாக எடைபோட வேண்டும்.

முதல் மறுப்பு: ‘நான்கு மாதங்கள் ஒன்றும் நேரவில்லையே. அன்றைக்கு மட்டும் காற்று அப்படி வீசாதிருந்தால், இதைப்பற்றி நினைக்கவே மாட்டீர்களே. தற்செயலாக நடந்ததற்கு மனச்சான்றை ஏன் வருத்த வேண்டும்?’ இதில் பாதி உண்மை இருக்கிறது. நம்மைப்போலவே தளர்ந்த வளையத்தோடு வண்டியை இரவல் கொடுத்த இன்னொருவர் இருந்திருக்கலாம். அவர் வண்டியில் போனவர் பத்திரமாகத் திரும்பியிருக்கலாம். கடவுளின் முன்னிலையில் நம் தவறும் அவர் தவறும் ஒன்றே. ஆனால் அதிலிருந்து, நம் தவறு தவறன்று என்ற முடிவு வராது. அவருடையதும் தவறே என்ற முடிவுதான் வரும். அவனை விழச்செய்த அந்த நாள் மட்டுமன்று, ஒன்றும் நேராத அந்த நான்கு மாதங்களும் நம் கணக்கில் சேர வேண்டியவையே. எனினும் குற்றம் வேறு, கடன் வேறு. இருவர் குழியும் திறந்து கிடந்தாலும், மாடு விழுந்தவனே ஈடு கொடுக்க வேண்டும். இருவரும் மூட வேண்டும். ஒருவன் மூடவும் வேண்டும், கொடுக்கவும் வேண்டும்.

இரண்டாம் மறுப்பு இன்னும் கனமானது: ‘வசதியுள்ளவர்கள் இப்படிப் பேசலாம். மீன் கூடையைக் கேரியரில் கட்டிக்கொண்டு விடியற்காலையில் புறப்படும் ஏழை வியாபாரியின் வண்டியைப் பாருங்கள். இருக்கையைச் சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார். பிரேக் கட்டை பாதி இல்லை. அவரும் பாவியா?’ இல்லை என்றே சொல்வோம். அவர் பணயம் வைப்பது தம் உடலை. நாம் பணயம் வைத்தது பிறர் உடலை. அவர் இயலாமையால் தள்ளிப்போடுகிறார். நாம் சோம்பலால் தள்ளிப்போட்டோம். அவருடைய தளர்ந்த வண்டிக்கான பொறுப்பில் ஒரு பங்கு, வாசலில் நின்று பத்து ரூபாய்க்குப் பேரம் பேசி மீன் வாங்கும் நம்மையும் சேரும். இன்னொன்றையும் மறக்கலாகாது: மாற்றுவதற்குப் பணம் வேண்டும், சொல்வதற்குப் பணம் வேண்டியதில்லை. ‘பார்த்துப் போ தம்பி, சீட் ஆடும்’ என்ற ஒரு வார்த்தை மிக ஏழையாலும் கொடுக்க இயன்ற தருமம். அதைக்கூட நாம் கொடுக்கவில்லை.

மூன்றாம் மறுப்பு வேறு திசையிலிருந்து வருகிறது: ‘இப்படி ஒவ்வொரு ஆணியையும் திருகையும் எண்ணிக்கொண்டிருந்தால் மனிதன் வாழ முடியுமா?’ இதில் நியாயம் உண்டு. அதை நாமே அனுபவித்தோம். அந்த விபத்துக்குப்பின் பல வாரங்கள் யாருக்கும் எதையும் இரவல் கொடுக்கவில்லை. ஏணி கேட்டவரிடம் ஏணி இல்லை என்றோம். கொடாதிருந்தால் குற்றம் நேராது என்று எண்ணினோம். உண்மையில் அது முன்னைய தவறின் மறுபக்கமே. அத்தீவின் உப்புக்காற்று இரும்பை இருவகையாகக் கெடுக்கும். சில தண்டுகள் தளர்ந்து சரிந்துகொண்டே இருக்கும். வேறு சில குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டு, எவ்வளவு தட்டினாலும் ஏறவோ இறங்கவோ செய்யாது. மனச்சான்றும் அப்படியே. தளர்ந்த மனச்சான்று உண்டு. எதற்கெடுத்தாலும் அஞ்சி இறுகிப்போன மனச்சான்றும் உண்டு. இரண்டையும் நோய் என்றே திருச்சபையின் ஆன்ம வழிகாட்டிகள் எச்சரித்து வந்திருக்கிறார்கள். அளவுக்குமேல் முறுக்கப்பட்ட வளையமும் முறியத்தான் செய்யும். வேண்டப்படுவது உரிய இறுக்கம்: தாங்கவேண்டிய எடையைத் தாங்கும் அளவுக்கு, தேவைப்படும்போது தளர்த்தி மாற்றக்கூடிய அளவுக்கு.

கடைக்காரர் சொன்ன ஒன்றை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். காதுகள் இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டபின், முறுக்குகிறவன் கைக்கு நன்றாக இறுகுவதாகத்தான் தோன்றும். ஆனால் நட்டு காதை அழுத்துகிறது, காது காதை அழுத்துகிறது, தண்டை எதுவும் அழுத்துவதில்லை. நம் பக்தி முயற்சிகளிலும் இது நேர்வதுண்டு. ஒறுத்தல்கள் கூடுகின்றன, செபமாலைகள் கூடுகின்றன, இறுக்கம் கைக்குத் தெரிகிறது. அண்டை வீட்டானுக்குச் சொல்லவேண்டிய ஒரு வார்த்தை மட்டும் சொல்லப்படாமல் சரிந்துகொண்டிருக்கிறது. அவ்வாரங்களில் நாமும் வழக்கத்தைவிட அதிகமாகச் செபித்தோம்.

*

இத்தீவுக்குள் நுழையும் எவரும் பாம்பன் பாலத்தைக் காணாமல் வர முடியாது. 1914 பிப்ரவரியில் திறக்கப்பட்ட பழைய ரயில் பாலம், 145 கண்களோடு இரண்டு கிலோமீட்டருக்கும் மேலாகக் கடல்மேல் நீண்டது. 1964 புயலில் அதன் பெரும்பகுதி இரும்புத் தூலங்கள் கடலில் வீழ்ந்தன, பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பில் 46 நாள்களில் அது மீண்டும் செப்பனிடப்பட்டது. இந்த 46 நாள்களை எல்லோரும் நினைவுகூர்கிறோம், நினைவுகூரத்தக்கதுதான். ஆனால் அப்பாலம் நூறாண்டைக் கடந்து உழைத்ததற்குக் காரணம் அந்த 46 நாள்கள் மட்டுமன்று. உப்புக்காற்றில் தொங்கிக்கொண்டு துருவைச் சுரண்டியவர்கள், சாயம் பூசியவர்கள், தேய்ந்ததைக் கழற்றிப் புதியதைப் பொருத்தியவர்கள் ஆகியோரின் எண்ணற்ற நாள்களும் அதற்குக் காரணம். அவர்களுடைய பெயர்களை யாரும் எழுதிவைக்கவில்லை.

முடிவில் 2022 டிசம்பரில் அப்பாலத்தின்மேல் ரயில்கள் நிறுத்தப்பட்டன. தூக்குப்பாலப் பகுதியை இனி நம்புவதற்கில்லை என்றாகிவிட்டது. அதன்பின் இரண்டாண்டுகளுக்கும் மேலாக, 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்படும்வரை, பயணிகள் மண்டபத்தில் இறங்கிச் சாலை வழியாகவே தீவுக்கு வந்தார்கள். எத்தனையோ சிரமம், எத்தனையோ முணுமுணுப்பு. ஆயினும் ‘இது இனித் தாங்காது’ என்று உரிய நேரத்தில் சொல்லி நிறுத்துவதும் அறமே. ஒரு தூலம் கடலில் விழுந்த பிறகு கண்ணீர் விடுவதைவிட, விழுமுன் வாய் திறப்பது மேலான இரக்கம். பெரிய பாலத்துக்கு அது பொருந்துமானால் சிறிய வளையத்துக்கும் பொருந்தும்.

*

நாம் ஒப்புரவு அருளடையாளத்தில் இதை அறிக்கையிட்டோம். குருவானவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “அந்த வீட்டாருக்கு இது தெரியுமா?” அக்கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை.

அன்று மாலையே போனோம். சிறுவனின் தகப்பனார் திண்ணையில் அமர்ந்து கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார். நாற்காலி வேண்டாம் என்று சொல்லி அவர் அருகிலேயே அமர்ந்து, கடைக்காரர் எச்சரித்தது, தகரத் துண்டு, நான்கு மாதம், வண்டியைக் கொடுத்தபோது நினைவுக்கு வந்தும் சொல்லாமல் விட்டது என யாவற்றையும் சொன்னோம். அவர் கயிற்றைக் கீழே வைக்கவில்லை. சிறிது நேரம் ஒன்றும் பேசவுமில்லை. பிறகு, “வலிச்சது எனக்கில்ல சார். அவன் உள்ளதான் இருக்கான். அவன்கிட்டயே சொல்லிருங்க” என்றார். கடுமையாகவும் சொல்லவில்லை, ஆறுதலாகவும் சொல்லவில்லை. மன்னிப்பு யாரிடம் கேட்கப்பட வேண்டுமோ அவரிடம் கேட்கச் சொன்னார். அவ்வளவே.

சிறுவனிடம் சொன்னோம். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஏறும்போதே சீட்டு ஆடுறது தெரிஞ்சுச்சு சார். உங்க வண்டியாச்சே, சொன்னா தப்பா நெனைப்பீகளோன்னு சொல்லலை” என்றான்.

இது நாம் எதிர்பாராதது. நம் கூச்சம் நம் வாயை மட்டும் அடைக்கவில்லை. நம் மதிப்பு அவன் வாயையும் அடைத்திருந்தது. வீட்டிலும் பள்ளியிலும் பங்கிலும் பெரியவர்களாக இருப்போர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும். நம்மிடம் உள்ள தளர்வு நமக்குத் தெரியுமுன்பே நம்மைச் சார்ந்திருப்போருக்குத் தெரிந்திருக்கலாம். அவர்கள் அதைச் சொல்லத் துணியாவிட்டால், அத்துணிவின்மைக்கும் ஓரளவு நாமே பொறுப்பு.

மருத்துவச் செலவை ஏற்க முன்வந்தோம், மறுத்தார்கள். பிறகு போக்குவரத்துச் செலவை மட்டும் ஒப்புக்கொண்டார்கள். கட்டுப் பிரிக்கும்வரை ஒவ்வொரு மாலையும் அவன் வீட்டுக்குச் சென்று பாடங்களைப் படித்துக் காட்டினோம். அவன் சொல்லச் சொல்ல நாம் எழுதினோம். இவை முறிந்த எலும்பையும் எழுதாத தேர்வையும் திருப்பிக் கொடுத்துவிடவில்லை. ஈடுசெய்தல் என்பது நடந்ததை இல்லாததாக்குவதன்று என்பதை அப்போது அறிந்தோம். நடந்தது நம்முடையது என்று தொடர்ந்து ஏற்றுக்கொண்டிருப்பதே அது.

கட்டுப் பிரித்த வாரத்தில் அவனும் நாமும் சேர்ந்து கிளாம்பை மாற்றினோம். பழைய நட்டில் மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துக் கழற்றினோம். தண்டை மெல்லத் திருகித் திருகி வெளியே எடுத்தோம். அதன்மேல் படிந்திருந்த துருவை உப்புத்தாளால் தேய்த்து, துணியால் துடைத்து, ஒட்டிப்போகாதிருக்க மிக மெல்லியதாக கிரீஸ் தடவினோம். புதிய வளையத்தின் பிளவைக் குழாயின் பிளவோடு பொருத்தினோம். தண்டு குறைந்தது எவ்வளவு ஆழம் குழாய்க்குள் இருக்கவேண்டும் என்பதற்கு அதில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அக்கோடு வெளியே தெரியாதபடி இறக்கினோம். குதிகாலைப் பெடலில் வைத்தால் கால் நேராக நீளும் உயரத்தில் இருக்கையை நிறுத்தினோம். பிறகு சிறிது சிறிதாக முறுக்கினோம். காதுகளுக்கு இடையே இன்னும் இடைவெளி இருக்கிறதா என்று பார்த்தோம், இருந்தது. அவன் இடது கையால் இருக்கையைப் பிடித்துத் திருகிப் பார்த்தான். அசையவில்லை. அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

அரைமணி நேரம்! இதற்கு நான்கு மாதங்கள் நமக்கு நேரமில்லாதிருந்தது.

இரவில் ஆன்ம சோதனை செய்யும்போது, என்ன தீமை செய்தோம் என்று கேட்பது வழக்கம். அதனோடு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுமாறு வாசக அன்பர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம்: என் பொறுப்பில் உள்ளவற்றுள் எது சரிந்துகொண்டிருக்கிறது என்று எனக்கு இன்று தெரியும்? படிக்கட்டின் ஆடும் பலகையாயிருக்கலாம். மின்கம்பியின் கிழிந்த உறையாயிருக்கலாம். பல மாதங்களாகப் பேசாத உடன்பிறந்தவராயிருக்கலாம். மாற்ற இயலுமானால் மாற்றுவோம். மாற்றும்வரை, அதன்மேல் ஏறப்போகிறவரிடம் வாய் திறந்து சொல்வோம்.

புயல் எப்போது வரும் என்று நமக்குச் சொல்லப்படவில்லை. தளர்ந்த திருகு எங்கேயிருக்கிறது என்பது நமக்குத் தெரியும்.